"கொரோனாதான் போயிடுச்சே, இன்னும் என்ன ஆராய்ச்சி?"

(ஏற்காட்டில் மகளிர் சுய உதவிக் குழுவினர், எஸ்டேட் தொழிலாளர்கள், இளைஞர்கள் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் நமது மின்னிதழ் எழுத்தாளர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சேலத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டில் ஒரு அக்கா. மடியில் கட்டைப்பை. "எங்க கண்ணு போற?" என்று கேட்டாங்க. "ஏற்காட்டுல ஒரு கூட்டம்கா, கொரோனா வைரஸ் பத்தி இப்ப என்ன ஆராய்ச்சி நடக்குதுன்னு பேசப் போறேன்" என்றேன். அக்கா சிரிச்சுட்டாங்க. "அதுதான் போயிடுச்சே கண்ணு, இன்னும் என்ன ஆராய்ச்சி?"

இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியிருப்போம். அதுவரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தவங்க திரும்பி, குரலைத் தாழ்த்தி இன்னொரு கேள்வி கேட்டாங்க. "எங்க பக்கத்து வீட்டுப் பையன். முப்பது வயசு சொச்சம். காலையில எந்திரிச்சான், காப்பி குடிச்சான், வாசல்ல விழுந்தான், அவ்வளவுதான். ஊசி ரெண்டும் போட்டிருந்தான். அந்த ஊசியாலதான்னு ஊரே பேசுது. அவங்க அம்மாதான் அவனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஊசி போட வெச்சாங்க. நெசமா கண்ணு?"

நான் எழுதி எடுத்து வந்த பேச்சு வேற. இந்த ரெண்டு கேள்வியைக் கேட்ட பிறகு அதைப் பையில வெச்சுட்டேன். இன்னைக்கு இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதல் கேள்வி. கொரோனா போயிடுச்சா?

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று சர்வதேச அவசரநிலையை அறிவித்தது. 2023 மே 5 அன்று அந்த அவசரநிலை முடிந்தது என்று சொன்னது. முடிந்தது அவசரநிலை. வைரஸ் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. மலைப்பாதையில் மண் சரிஞ்சா என்ன பண்றாங்க? போக்குவரத்தை நிறுத்தி, ஜேசிபி வெச்சு மண்ணை அள்ளி, திரும்ப பஸ் விடுறாங்க. பஸ் ஓட ஆரம்பிச்சதும் அந்தச் சரிவை மறந்துடுவாங்களா? அடுத்த மழைக்கும் நெடுஞ்சாலைத் துறை ஆளுங்க அதே இடத்தில் நின்னு பார்ப்பாங்க. இப்ப நடக்கிற ஆராய்ச்சியும் அப்படிப் பார்த்துக்கிட்டு நிற்கிற வேலைதான்.

அவசரநிலை உங்களுக்கு எவ்வளவு செலவு வெச்சதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்குள் மற்ற இடங்களுக்கு இ-பாஸ் வேண்டாம் என்று எடுத்தபோதும், நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மூன்றுக்கும் கலெக்டர் இ-பாஸ் இருந்தால்தான் வரலாம் என்று வைத்திருந்தார்கள். கடை போட்டவங்க, காட்டேஜ் வெச்சவங்க, டாக்ஸி ஓட்டினவங்க எல்லாம் இங்கே உட்கார்ந்திருக்கீங்க. இன்னொரு தடவை அப்படி ஒரு நிலை வரக் கூடாது, வந்தாலும் மாசக்கணக்கில் எல்லாத்தையும் பூட்டாமல் சமாளிக்கணும். அதுக்கு வைரஸ் என்ன பண்ணுதுன்னு முன்கூட்டியே தெரியணும்.

தேனாம்பேட்டையில் ஒரு வாசிப்பு

சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் பொது சுகாதாரத் துறையின் மாநில ஆய்வகம் இருக்கிறது. வைரஸின் முழு மரபணுவையும் வாசிக்கும் வசதி அங்கே 2021 செப்டம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. அதுக்கு முன்னாடி நம்ம மாதிரிகளை பெங்களூரு மாதிரி வெளியூர்களுக்கு அனுப்பிட்டு முடிவுக்காகக் காத்திருப்போம்.

மரபணு வாசிப்புன்னா என்ன? இந்த வைரஸின் மரபணு கிட்டத்தட்ட 30,000 எழுத்துகள் கொண்ட ஒரு நீளமான ஓலை. எழுத்துகள் நாலே நாலுதான், அதையே மாத்தி மாத்தி எழுதியிருக்கும். வைரஸ் நம்ம உடம்புக்குள்ள போய் தன்னை நகல் எடுக்குது. பத்திர ஆபீஸ்ல அந்தக் காலத்தில் கையால நகல் எழுதும்போது ஒரு எழுத்து பிசகும் பாருங்க, அதே மாதிரி இங்கேயும் பிசகும். பெரும்பாலான பிழைகளால் ஒரு மாற்றமும் வராது. எப்பவாவது ஒரு பிழை வைரஸுக்கு வசதியாப் போயிடும். அது நம்ம எதிர்ப்பு சக்தி கண்ணில் படாமல் நழுவிடும். தொண்டையிலும் மூக்கிலும் எடுத்த சளி மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினால், ஆய்வகத்தில் அந்த 30,000 எழுத்தையும் வாசிச்சு, 2020-ல் முதலில் வெளியான பிரதியோடு ஒப்பிட்டு, எங்கெங்கே பிசகு என்று குறிக்கிறார்கள்.

2025-ல் டிவியில் ஓடின பெயர் ஞாபகம் இருக்கா? என்பி.1.8.1. இந்தியாவில் அந்த வகை முதலில் கணக்கில் வந்தது ஏப்ரல் மாதம் தமிழ்நாட்டில் எடுத்த ஒரு மாதிரியில்தான். "தமிழ்நாட்டில் புது கொரோனா" என்று அப்போது தலைப்பு போட்டார்கள். இதழியல் படிச்சவள் என்ற முறையில் எனக்கு அந்தத் தலைப்பு கொஞ்சம் உறுத்தியது. நம்ம ஊரில் முதலில் தெரிஞ்சதுன்னா நம்ம ஊரில் பார்த்தாங்கன்னு அர்த்தம். பார்க்காத ஊரில் இருந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. உலக சுகாதார நிறுவனம் அதே மே மாதம் அதைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. "கண்காணிக்க வேண்டியது" என்பதைவிட "கவலைக்குரியது" என்ற பட்டியல் மேலே இருக்கிறது. டெல்டாவும் ஒமிக்ரானும் இருந்தது அந்த மேல் பட்டியலில். பேர் நீளமா இருக்குன்னு பயப்பட வேண்டாம், அது கதவு எண் மாதிரி. ஒமிக்ரான் தெரு, ஜேஎன்.1 வீடு, அதில் மாடியில் ஒரு போர்ஷன், அவ்வளவுதான்.

ஆனா இதில் ஒரு சிக்கல் இருக்கு. ஆய்வகத்துக்கு என்ன வந்து சேருதோ அதைத்தான் அவங்க வாசிக்க முடியும். இப்போ காய்ச்சல்னா மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை, சூடா ஒரு மிளகு ரசம், மறுநாள் வேலைக்கு. நானும் அப்படித்தான். சாதாரணக் காய்ச்சலுக்கு எல்லாரும் டெஸ்ட் எடுக்கணும்னு இப்போ யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் மாரமங்கலத்திலோ செம்மநத்தத்திலோ ஒரே வாரத்தில் ஒரே லயத்தில் பத்துப் பேருக்குக் காய்ச்சல், அதில் ரெண்டு பேருக்கு மூச்சுத் திணறல் என்றால் அது வேற விஷயம். அதை யாராவது ஒருத்தர் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால்தான் மலைக்குக் கீழே தெரியும். கோடை விழா சமயத்தில் எத்தனை ஊர் ஆட்கள் இங்கே வந்து போறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

ரத்தம் எடுத்துப் போனது எதுக்கு?

2020-லிருந்து 2021 முடியும் வரைக்கும் மாநிலம் முழுக்க நாலு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொரோனாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் எத்தனை பேர் ரத்தத்தில் இருக்கிறது என்ற கணக்கெடுப்பு. முதல் சுற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மக்களிடம் இருந்தது. ரெண்டாவது சுற்றில் ஏறியிருக்கணும் இல்லையா? இறங்கிடுச்சு. முதல் அலையில் வந்த எதிர்ப்பொருள் மாசங்கள் போகப் போகக் குறையுதுங்கறது பெரிய காரணம். அந்த இறக்கம் வந்த 2021 ஏப்ரலில்தான் டெல்டா அலையும் ஏறியது. மூன்றாவது சுற்றில் 26,610 பேர் ரத்தம் பார்த்ததில் 17,624 பேருக்கு இருந்தது, அதாவது 66 சதவீதம். நாலாவது சுற்றில் 32,245 பேரில் 28,071 பேர், 87 சதவீதம். நோய் வந்தும் தடுப்பூசி போட்டும் அந்த அளவுக்கு வந்தோம். 2022 ஜனவரியில் ஒமிக்ரான் அலை வந்தபோது ஆஸ்பத்திரி படுக்கைக்கு 2021 மே மாதம் மாதிரி அலையவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கை அவசரமாகப் போட்ட மாதம் அது, மறந்திருக்க மாட்டீங்க.

அக்கா கேட்ட ரெண்டாவது கேள்வி

இதுக்குத்தான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கணும்.

அந்தப் பையன் எதனால் இறந்தான் என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் அக்காகிட்டேயும் அதைத்தான் முதலில் சொன்னேன். பிரேதப் பரிசோதனை இல்லாமல் அதை டாக்டராலேயே சொல்ல முடியாது. ஆனா அந்த மாதிரிப் போன நிறைய பேரை ஒண்ணா வெச்சுப் பார்த்த ஆராய்ச்சி இருக்கு. அதை நடத்தினது நம்ம சென்னையில், அயப்பாக்கத்தில் இருக்கிற தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வருகிறது.

என்ன பண்ணினாங்க? 18 வயசிலிருந்து 45 வயசு வரைக்கும், வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமா இருந்து, காரணம் தெரியாமல் திடீர்னு இறந்தவங்க 729 பேர். 19 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 47 மருத்துவமனைகள் மூலமா எடுத்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் அதே பகுதியில், அதே வயசு, அதே பாலினத்தில் உயிரோடு இருக்கிற நாலு பேரைச் சேர்த்தாங்க. மொத்தம் 2,916 பேர். அப்புறம் ரெண்டு பக்கமும் ஒரே கேள்விகள்: ஊசி போட்டாரா, கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாரா, குடும்பத்தில் யாராவது இப்படி இறந்தாங்களா, கடைசி ரெண்டு நாளில் என்ன செய்தார்?

ஊசிதான் காரணம்னா, இறந்தவங்க பக்கம் ஊசி போட்டவங்க அதிகமா இருக்கணும். அப்படி இல்லை. ரெண்டு டோஸும் போட்டவங்களுக்குத் திடீர் மரணத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான் இருந்தது. ஒரு டோஸ் மட்டும் போட்டவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு தெளிவாகத் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்காங்க. வாய்ப்பு கூடினது எங்கேன்னா: கொரோனாவுக்காக முன்பு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவங்களுக்குக் கிட்டத்தட்ட நாலு மடங்கு. குடும்பத்தில் திடீர் மரணம் இருந்தால் ரெண்டரை மடங்கு. இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவு மீறிக் குடித்திருந்தால் ஐந்து மடங்கு. போதைப் பொருள், அதே நேரத்தில் உடம்பை முறிக்கிற கடும் உழைப்பு அல்லது உடற்பயிற்சி, இவற்றுக்கும் கூடுதல். இது 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது.

இந்த ஆராய்ச்சிக்கும் எல்லை உண்டு. இறந்தவர்களிடம் கேட்க முடியாது, குடும்பத்தார் ஞாபகத்தில் இருந்து சொன்னதுதான். கூட்டமாகப் பார்த்த கணக்கு, தனி ஒருவர் கதைக்கு நேரடிப் பதில் ஆகாது. அப்புறம் இன்னொண்ணு. கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறையும் பாதிப்பு வரலாம் என்பது உண்மை. 2021-லேயே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைச் சொல்லிவிட்டது. அது வந்தால் பெரும்பாலும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும், வருஷக்கணக்கில் கழித்து வாசலில் விழுகிற கதை அது இல்லை. இதைச் சொன்னா ஜனங்க பயந்துடுவாங்கன்னு சிலர் நினைக்கிறாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாம சொல்லாம விட்டா வாட்ஸ்அப் சொல்லும், அதுவும் பத்து மடங்கு பெருசாக்கி.

ஊசி என்ன பண்ணினதுன்னு நம்ம மாநிலத்திலேயே ஒரு கணக்கு இருக்கு. தமிழ்நாடு போலீஸ்காரங்க 1,17,524 பேர். ரெண்டாவது அலையின்போது ஊசியே போடாதவங்க 17,059 பேரில் 20 பேர் கொரோனாவில் இறந்தாங்க. ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7 பேர். ரெண்டும் போட்ட 67,673 பேரில் 4 பேர். போன்ல கால்குலேட்டரைத் திறந்து நீங்களே வகுத்துப் பாருங்க, யார் பேச்சையும் நம்ப வேண்டாம். அந்தப் பையனோட அம்மா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்கன்னு அக்கா சொன்னாங்களே, அந்த அம்மாவுக்கு யாராவது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டணும்.

மூச்சு வாங்குகிற பெரியப்பா

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். 2021 மே மாதம் நான் கல்லூரி மாணவி. ஆவி பிடிச்சா போதும், ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் ஆபத்துன்னு ஒரு ஆடியோ வந்தது. டாக்டர் பேசுற மாதிரியே இருந்தது. இதழியல் படிக்கிற பொண்ணு, யார் பேசினாங்கன்னு ஒரு தடவை தேடிப் பார்க்கவில்லை, குடும்ப குரூப்பில் போட்டுட்டேன். எங்க பெரியப்பா ரெண்டு நாள் ஆவி பிடிச்சுக்கிட்டே இருந்தார். மூணாவது நாள் விரலில் மாட்டிப் பார்த்தப்போ ஆக்சிஜன் 84. பிழைச்சுட்டார். ஆனா இன்னைக்கும் மாடிப்படி ஏறினா நடுவில் நின்னுதான் ஏறுவார். "உன் ஆடியோவாலதான்"னு ஒரு நாளும் அவர் சொன்னதில்லை.

அவரைப் போன்றவங்களைப் பற்றியும் ஆராய்ச்சி நடக்குது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் கொரோனாவிலிருந்து மீண்ட 207 பேரின் நுரையீரலைப் பரிசோதித்தார்கள். காற்றை இழுக்கிறது ஒரு பக்கம், இழுத்த காற்றிலிருந்து ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகிறதா என்பது இன்னொரு பக்கம். அந்த ரெண்டாவது வேலை 44 சதவீதம் பேருக்குக் குறைஞ்சிருந்தது. அயப்பாக்கம் நிறுவனம் நாடு முழுக்க 31 மருத்துவமனைகளில் கொரோனாவுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 14,419 பேரை ஒரு வருஷம் போனில் தொடர்ந்து விசாரித்தது. அந்த ஒரு வருஷத்துக்குள் 6.5 சதவீதம் பேர் இறந்திருந்தாங்க. வயசானவங்க, சர்க்கரை மாதிரி வேற நோய் இருந்தவங்கதான் அதில் அதிகம். 17 சதவீதம் பேருக்கு அசதி, மூச்சு வாங்குதல், மறதி மாதிரி தொந்தரவு தொடர்ந்தது. நோய் வருவதற்கு முன்பே ஊசி போட்டிருந்தவங்களுக்கு இறப்பு வாய்ப்பு 60 சதவீதம் குறைவு.

காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். முன்னாடி ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பறிச்சவங்க, இப்போ பாதியில உட்கார்ந்துடறாங்க. "சோம்பேறி ஆயிட்டா"ன்னு மேஸ்திரி சொல்லலாம். கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் இருந்தவங்களா இருந்தா, அதை டாக்டர்கிட்டே மறக்காம சொல்லுங்க. பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தா எடுத்துட்டுப் போங்க. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கு வர்ற தன்னார்வலர்கிட்டேயும் சொல்லலாம். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கின திட்டம் அது, இந்த மலைக்கும் உண்டு.

விலங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏன்னா குரும்பப்பட்டி பூங்கா நமக்கு அடிவாரத்திலேயே இருக்கு. 2021 ஜூனில் வண்டலூர் பூங்காவில் சிங்கங்களுக்கே கொரோனா வந்தது. நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. போபால் ஆய்வகத்தில் வாசிச்சுப் பார்த்தால், மனுஷங்ககிட்டே பரவின அதே டெல்டா. நம்மகிட்டேயிருந்து விலங்குக்கும் போகும், அங்கே மாறித் திரும்பி வரவும் கூடும் என்பதால்தான் விலங்குகளையும் பார்த்துக்கிட்டு இருக்காங்க. தமிழ்நாடு உட்பட சில இடங்களில் பழந்தின்னி வௌவால்களிடம் வேறு வகைக் கொரோனா வைரஸ் இருப்பதை 2020-லேயே புனே நிறுவனம் வெளியிட்டது. அது மனுஷங்களைத் தாக்கின வைரஸ் கிடையாது. அதுக்காகப் பலா மரத்தில் தொங்குற வௌவாலை யாரும் புகை போட்டு விரட்ட வேண்டாம். அணில், வௌவால் கடிச்ச பழத்தைப் பிள்ளைங்க கையில் கொடுக்காம இருந்தாலே போதும்.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி

நாளைக்கு இந்த மலைக்கும் யாராவது ரத்தம் எடுக்கவோ கேள்வி கேட்கவோ வரலாம். வந்தா ஆராய்ச்சிக்கா, சிகிச்சைக்கா என்று முதலில் கேளுங்க. ஆராய்ச்சின்னா உங்களுக்குப் புரிகிற மொழியில் எழுதின தகவல் தாள் தரணும். படிக்கத் தெரியாதவங்களுக்கு ஒரு சாட்சி முன்னிலையில் படிச்சுக் காட்டணும். வேண்டாம்னு சொல்லலாம், சேர்ந்த பிறகு பாதியில் விலகலாம். அதனால் உங்க சிகிச்சையோ ரேஷனோ எதுவும் நிற்காது. ஐசிஎம்ஆர் நெறிமுறைகளிலேயே இருக்கிற விஷயம் இது. "பெரிய ஆபீசர் கேட்கிறார், போட்டுடு"ன்னு தலைவர் சொன்னாலும் நீங்களா சம்மதிச்சாத்தான் செல்லும். தாளில் தொடர்பு எண் இருக்கும், போனில் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. ஆதார் எண்ணும் ஓடிபியும் கேட்டா, அது ஆராய்ச்சியே இல்லை, போனை வெச்சுடுங்க.

உடல்நலச் சந்தேகத்துக்கு 104, எந்த நேரமும் கூப்பிடலாம். ஒரு ஆடியோவோ வீடியோவோ வந்து நெஞ்சு படபடன்னு அடிச்சா, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி அந்த நம்பருக்கு அடிச்சுக் கேளுங்க. எங்க பெரியப்பாவுக்காகக் கேட்டுக்கிறேன்.

அந்த அக்கா ஒண்டிக்கடையில் இறங்கினாங்க. இறங்கும்போது, "நீ சொன்னதெல்லாம் அந்த அம்மாகிட்டே எனக்குச் சொல்ல வராது கண்ணு, தமிழ்ல எழுதினது ஏதாவது இருந்தா குடு" என்று கை நீட்டினாங்க. என் பையில் இருந்தது இங்கிலீஷில் அச்சடிச்ச கட்டுரை மட்டும்தான். நம்பர் வாங்கியிருக்கேன். இந்தப் பேச்சு மின்னிதழில் வந்ததும் முதல் லிங்க் அவங்களுக்குத்தான் போகும். டவர் கிடைக்கணும்.

கேள்வி இருந்தா கேளுங்க.